செல்வி அக்கா எழுதிய தாள்

ஒரகடத்து உதிரிபாகக் கம்பெனியில் நான் லைன் லீடர். மணிக்கொருமுறை அளவுகளைக் குறிக்கும் தாளை யாரிடமும் தரமாட்டேன். எங்கள் வீட்டில் முதலில் எழுதப் படிக்கக் கற்றவன் நான், அந்தப் பெருமை. ஒரு வாரம் பாகங்களில் துளைகள் கோணலாக விழுந்தன. சனிக்கிழமைக்குள் காரணம் தெரியாவிட்டால் லைன் பொறுப்பு வேறொருவருக்குப் போய்விடும். எனக்கோ எழுதவே நேரம் சரியாக இருந்தது.

மெஷின் ஓட்டும் செல்வி அக்கா கையை நீட்டினார். "குடு தம்பி, நான் எழுதறேன். இன்னா, உன் வூட்டுப் பத்திரமா அது?"

தயங்கித்தான் கொடுத்தேன். மெஷினருகே நின்று கவனித்ததில், மதியத்துக்குள், பாகத்தை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப் தளர்ந்திருந்தது தெரிந்துவிட்டது.

ஷிப்ட் முடிந்து தாளைத் தந்தபோது அக்கா சொன்னார்: "எங்க வூட்ல மொதல்ல பள்ளிக்கூடம் போனவ நான்தான். பத்தாவதோட வெச்ச பேனா, இன்னிக்கிதான் எடுத்தேன். நாளைக்கும் நானே எழுதறேன், இன்னா?"

மூன்று வருடமாக அவரும் அதே லைனில்தான் நின்றிருக்கிறார். பேனாவை நான்தான் விடவில்லை.