கத்தாத ஆடு

அன்று மாலை பட்டிக்குத் திரும்பிய ஆடுகளை எண்ணியபோது ஒன்று குறைந்தது. காது டேக் நம்பர் நாற்பத்தொன்று. குட்டி போட்டுப் பத்து நாள்தான் ஆகியிருந்தது. குட்டி பட்டிக்குள் பாலுக்குக் கத்திக்கொண்டிருந்தது.

பூம்பாறைக்கு மேலே ஒரு செம்மறி ஆட்டுப் பண்ணையில் நான் கம்பவுண்டராக வேலை பார்த்த கடைசி வருடங்களில் நடந்தது இது. ஊசி, பூச்சி மருந்து, ரிஜிஸ்டர், இவ்வளவுதான் என் வேலை. மேய்ச்சலுக்கு ஓட்டிப் போகிறவர் செல்லையா. அவருடைய பெற்றோர் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவர்கள். அந்த வழக்கத்தில் மேனேஜரைத் 'தொரை' என்பார்.

மேனேஜர் வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். "மஞ்சு எறங்கிருச்சு, செந்நாய் வேற திரியுது. காலையில வெள்ளனே போய்ப் பாருய்யா," என்றார்.

"காலையில போனா எலும்புதான் கெடக்கும் தொரை," என்றார் செல்லையா. மனைவியைக் கூப்பிட்டுப் பட்டியைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுக் கம்போடு நடந்தார்.

மருந்துப் பையை எடுத்துக்கொண்டு நானும் பின்னால் போனேன். வீட்டில் எனக்காக யாரும் காத்திருக்கவில்லை. என் மனைவி ரோஸி இறந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. அதுவரை ஞாயிறு தவறாமல் கோவிலுக்குப் போய் பைபிள் வாசகம் படித்தவன் நான். அவள் போன பிறகு ஜெபிக்க உட்கார்ந்தால் ஒரு வார்த்தை வராது. வாய் திறந்து கூப்பிடாதவனை ஆண்டவர் எதற்குத் தேடப்போகிறார் என்று போவதையே நிறுத்திவிட்டேன்.

வாட்டில் மரக் காட்டுக்குள் மூடுபனியில் பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. செல்லையா தினமும் கூப்பிடுகிற அதே குரலில் கூப்பிட்டார். நின்று கேட்டோம். பதில் இல்லை.

"உசுரோட இருந்தாக் கத்திருக்கும்ல செல்லையா? திரும்பிரலாம்ங்க."

"பயந்த ஆடு கத்தாது சார். என் சத்தம் அதுக்குக் கேக்கும். பதில் குடுக்கத்தான் தெம்பு இருக்காது. நாமதான் கிட்டப் போவணும்."

சொல்லிவிட்டு அவர் சரிவில் இறங்கிவிட்டார். அவர் சொன்னதையே நினைத்துக்கொண்டு நானும் பின்னால் இறங்கினேன்.

ஓடைக்கரையில் முட்புதருக்குள் கம்பளி முடியெல்லாம் சிக்கி அது நின்றது. எங்களைப் பார்த்தும் கத்தவில்லை. "வந்துட்டேன்டி தங்கம்," என்று செல்லையா புதருக்குள் கையை விட்டார். அவர் முழங்கையெல்லாம் ரத்தம். முன்னங்காலில் இருந்த காயத்தைக் கழுவி மருந்து போட்டேன். ஆட்டால் நடக்க முடியவில்லை. செல்லையா அதைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார்.

காலண்டர் படங்களில் இயேசுவின் தோளில் ஆட்டுக்குட்டி அழகாகப் படுத்திருக்கும். இது முப்பது கிலோ, நனைந்த ஆடு. வழியெல்லாம் உதைத்தது. அவர் முதுகில் மூத்திரமும் பெய்தது.

"கீழ விட்டுட்டுச் சித்த நேரம் உக்காருங்க செல்லையா," என்றேன்.

"குட்டி காத்துக் கெடக்கு சார். வெரசா நடங்க," என்று சிரித்தார்.

பட்டியில் இறக்கிவிட்டதும் குட்டி ஓடிவந்து மடியை முட்டியது. அப்போதுதான் தாய் வாயைத் திறந்து கத்தியது.

இப்போது இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். கத்துகிற ஆட்டை எல்லாரும் கவனித்துவிடுவார்கள். சத்தமில்லாமல் ஓரமாக நிற்கிறதே, அதனிடம் முதலில் போங்கள்.

ஆட்டைத் தேடிப்போன அந்த வாரம் ஞாயிறன்று கோவிலுக்குப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். அன்றும் ஜெபம் வரவில்லை. ஆனால் எழுந்து போகவும் இல்லை. என்னைத் தேடி வருகிறவர் வரட்டும் என்று பேசாமல் உட்கார்ந்திருந்தேன்.