தெம்பு ஊசி

என் தங்கையின் புருஷனை ஜிம்மில் எல்லோரும் 'மலை' என்பார்கள். அங்கே அவர்தான் பயிற்சியாளர். கதவுக்குள் ஒருக்களித்துத்தான் நுழைவார். இப்படிப்பட்ட ஆளுக்குக் குழந்தை இல்லையென்றால் உறவுக்காரர்கள் யாரைக் குறை சொல்வார்கள்? தங்கையைத்தான் சொன்னார்கள். பரிசோதனைக்கு வரச் சொன்ன முதல் டாக்டரிடம், "என்னைப் பாத்தா சந்தேகம் வருதா?" என்று சிரித்துவிட்டு வந்துவிட்டார் மலை. அந்தச் சிரிப்பை நினைத்தால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

ஆனால் ஒன்று. கரு தரிப்பதற்காகத் தங்கைக்கு வயிற்றில் போட வேண்டிய ஊசிகளை வருஷக்கணக்கில் அவர்தான் போட்டார். சமையலறை மேடையருகே அவள் சட்டையைக் கொஞ்சம் தூக்கிப் பிடிப்பாள்; அவர் மூச்சை அடக்கிக்கொண்டு குத்துவார். நர்ஸ் போட்டால்கூட வலிக்கும், இவர் போட்டால் தெரியவே தெரியாது என்பாள். எங்கே பழகினார் என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை.

புது டாக்டரம்மா விடவில்லை. விந்துப் பரிசோதனை இரண்டு தடவை நடந்தது. இரண்டிலும் ஓர் உயிரணுகூட இல்லை. ஆய்வகத்தில் டப்பா மாறியிருக்கும் என்று சண்டை போடவே தங்கையோடு என்னையும் துணைக்குக் கூட்டிப் போனார் மலை. டாக்டரம்மா சண்டைக்கு இடம் கொடுக்காமல் கேள்வி கேட்க ஆரம்பித்தார்.

"சின்ன வயசுல பொன்னுக்கு வீங்கி வந்துச்சா?"

"இல்லைங்க."

"விதைப்பையில அடி, ஆபரேஷன்?"

"இல்லைங்க."

"மருந்து ஏதாவது?"

"தலைவலிக்குக்கூட மாத்திரை தொடமாட்டேன்."

தங்கை அவர் பக்கம் திரும்பினாள். "ஜிம் பையில ஊசி வச்சிருக்கீங்களே, அது?"

"அது எப்படி மருந்தாகும்? தெம்பு ஊசி. ஆம்பளை ஹார்மோன்."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "எப்பலேருந்து?"

"கல்யாணத்துக்கு முன்னாடிலேருந்து. குழந்தை தள்ளிப்போகுதேன்னு அளவைக் கூட்டிக்கிட்டேன்."

"வெளியிலேருந்து சரக்கு வந்து இறங்கிக்கிட்டே இருந்தா உள்ள பட்டறை எதுக்கு ஓடணும்? மூளை இழுத்துப் பூட்டிடும். உயிரணு தயாராகறதும் அதே பட்டறையிலதான். உங்களுக்கு அதான் நடந்திருக்கு."

மலை என்னைப் பார்த்தார். "மச்சான், ஆம்பளைக்குன்னே இருக்கிற ஊசி, அதுவே எப்படி?" எனக்கு மட்டும் என்ன தெரியும்?

ஊசியை நிறுத்தினால் பெரும்பாலும் சரியாகும், ஆனால் மாதக்கணக்காகும், உறுதி சொல்ல முடியாது, உடம்பு கொஞ்சம் இளைக்கும் என்றார் டாக்டரம்மா.

"எவ்வளவு இளைக்கும்?" என்றுதான் மலை முதலில் கேட்டார். தங்கை எழுந்து வெளியே போய்விட்டாள்.

மறுநாள் காலை நான் அவர்கள் வீட்டுச் சமையலறையில் தங்கையோடு உட்கார்ந்திருந்தேன். பழக்கதோஷத்தில் மலை அவளுடைய ஊசியை எடுத்துக்கொண்டு அங்கே வந்தார்.

"இத்தனை நாள் எனக்குக் குத்தினதெல்லாம் எதுக்கு?" என்றாள்.

"தெரியலையே," என்றார். நிஜமாகவே தெரியாத முகம். பாவமாகவும் இருந்தது, அறையலாம் போலவும் இருந்தது.

"உங்க ஊசியை நிறுத்துவீங்களா?"

"இளைச்சுட்டா ஜிம்முல யாரு என்னை மதிப்பா?"

"அப்ப எனக்கும் போடுங்க." சட்டையைத் தூக்கிப் பிடித்தாள். வயிறெல்லாம் ஊசி குத்திய இடங்கள் பச்சையும் மஞ்சளுமாகக் கன்றியிருந்தன.

வலிக்காமல் குத்துகிற கைதான் அது. ஊசி தோல் வரைக்கும் போய்த் திரும்பியது. மறுபடி போனது, திரும்பியது. ஊசியை மேடையில் வைத்துவிட்டு உள்ளே போனவர், ஜிம் பையோடு வந்து அதை என் மடியில் வைத்தார்.

"எடுத்துட்டுப் போங்க மச்சான். நானே வந்து கேட்டாலும் குடுக்காதீங்க."