வாசகப் புத்தகத்துக்குள் ஒரு தாள்

முப்பத்தொரு வருடம் கணக்கு டீச்சராக இருந்தேன். ஓய்வுக்குப் பிறகு நாலு பேர் முன்னால் வாய் திறக்க எனக்கு மிச்சமிருந்த ஒரே இடம், ஆவூர்ப் பக்கத்திலுள்ள எங்கள் ஊர் மாதா கோயிலில் ஞாயிறு பூசைக்கு பைபிளின் முதல் வாசகம் வாசிப்பதுதான்.

விழித்திரை தேய்ந்துவிட்டது, கண்ணாடியை மாற்றிப் பயனில்லை என்று புதுக்கோட்டை கண் டாக்டர் சொன்னார். நான் பஸ் ஏறுவதற்குள் சேதி ஊருக்குப் போய்விட்டது. மறுநாளே வாசகர் குழுத் தலைவர் வீட்டுக்கு வந்தார். என்னிடம் எட்டாம் வகுப்பு படித்தவர்.

"ஒங்களுக்கு எதுக்கு டீச்சர் இந்தச் செரமம். சின்னப் புள்ளைக வாசிக்கட்டுமே."

"பெரிய எழுத்தா தாள்ல அடிச்சு வாசிக்கிறேம்ப்பா."

"தாள வச்சு வாசிக்கக் கூடாதுங்க டீச்சர். புத்தகத்துலதான் வாசிக்கணும். அதான நம்ம வழக்கம்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. மங்குவது கண்தானே, குரல் இல்லையே. புத்தகத்தில்தானே வாசிக்க வேண்டும், வாசித்துக் காட்டுகிறேன் என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

பழைய ஸ்கேலை எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போய் வாசகப் புத்தகத்தின் பக்கத்தை அளந்தேன். அதே அளவில் தாளை நறுக்கி, வாசகத்தைக் கொட்டை எழுத்தில் அச்சடித்து, புத்தகத்துக்குள் செருகிவிட்டால் யாருக்குத் தெரியும்? ஆனால் கம்ப்யூட்டர் வழிக்கு வரவில்லை. நான் எழுத்தைப் பெரிதாக்கினால், தாளுக்குப் பொருத்துகிறேன் என்று அது தானாகவே சுருக்கியது. மை மிச்சம் பிடிக்கிறேன் என்று வெளுத்த எழுத்தாகத் துப்பியது. எனக்கு என்ன வேண்டும் என்று என்னைக் கேட்காமலே முடிவு செய்வதில் அதுவும் குழுத் தலைவரும் ஒரே ஜாதி.

விடவில்லை. திரையில் மூக்கை ஒட்டிக்கொண்டு பிரிண்டர் செட்டிங்ஸில் ஒவ்வொன்றாகத் திறந்தேன். பொருத்துவதை நிறுத்தினேன். மை சிக்கனத்தை நிறுத்தினேன். என் அளவைக் கொடுத்து அதற்கு 'கோயில்' என்று பெயர் வைத்துச் சேமித்தேன். சனிக்கிழமை எழுத்தை இன்னும் கொஞ்சம் பெரிதாக்கியதில் வாசகம் பின்பக்கத்துக்கும் ஓடியது. இருபக்க அச்சைத் தேர்ந்தெடுத்தேன். கையில் வைத்து இரண்டு பக்கமும் வாசித்துப் பார்த்தேன். பளிச்சென்று இருந்தது.

ஞாயிறு காலை முதல் பக்கத்தைக் கணீரென்று வாசித்து முடித்து, தாளைப் புரட்டினேன். எழுத்தெல்லாம் தலைகீழாக நின்றது. தாளை எந்த ஓரத்தை வைத்துப் புரட்டுவது என்று கேட்கும் செட்டிங்கை நான் மாற்றவில்லை. முந்தின நாள் என் கை தானாகவே தாளைத் திருப்பிப் பிடித்துக்கொண்டதால் எனக்கு உறைக்கவில்லை. கணக்கு டீச்சருக்கு வரக்கூடாத தப்பு.

முன்வரிசையில் குழுத் தலைவர் நிமிர்ந்து பார்த்தார். அவசரமாக முடித்துவிட்டு இறங்கியிருக்கலாம். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் வெட்கப்பட நான் எதைத் திருடினேன்? தாளைப் புத்தகத்திலிருந்து உருவி, எல்லோரும் பார்க்க எழுத்து நிமிரும்படி திருப்பி, நெஞ்சுக்கு நேராகப் பிடித்து மிச்சத்தையும் வாசித்தேன். முடித்ததும் மக்கள் எப்போதும் போல "இறைவா உமக்கு நன்றி" என்றார்கள்.

பூசை முடிந்ததும் அவர் வந்தார். "டீச்சர், அது தாளுல்ல?"

"ஆமாப்பா, தாளுதான். ஒனக்கு வாசகம் கேட்டுச்சா இல்லையா?"

"கேட்டுச்சுங்க டீச்சர்."

அன்று சாயங்காலமே கம்ப்யூட்டரைத் திறந்து 'கோயில்' அளவை அழித்தேன். முழுத்தாளுக்கு மாற்றி, எழுத்தை இன்னும் இரண்டு படி ஏற்றினேன். அடுத்த ஞாயிறு அந்தத் தாளைக் கையில் விரித்துப் பிடித்தபடி, கோயிலின் நடுவழியாகவே வாசிக்க நடந்தேன்.