ஆஸ்ட்ரிடா திறக்காத கதவு

லுவான்ஷியாவில் செம்புச் சுரங்கத்தை மூடியபோது கம்பாம்பாவுக்குப் பதினேழு வயது. அப்பாவுக்கு வேலை போனதும் அவள் படிப்பும் நின்றது. வீட்டு வாசலில் தக்காளியைக் குவித்துவைத்து, வாங்காமல் போகிறவர்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஒரு நாள் ஆஸ்ட்ரிடா வந்து ஒரு பழத்தை அழுத்திப் பார்த்தாள்.

“இது அழுகுறதுக்குள்ள நீ அழுகிடுவ போலிருக்கே. நாளைக்கு எங்ககூட வா.”

“எங்க யாயா?”

“படுத்துக் கிடக்குறவங்க வீட்டுக்கு. கூலி கிடையாது. திட்டு கிடைக்கும்.”

யாயா என்றால் அந்த ஊரில் அக்கா. ஆஸ்ட்ரிடாவுக்கு முப்பது வயதிருக்கும். புருஷன் செத்த பிறகு சந்தையில் கருவாடு விற்றாள். மிச்ச நேரமெல்லாம் மாதா கோயில் இளைஞர் குழுவை இழுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனாள். அப்போது தெருவுக்கு இரண்டு மூன்று வீடுகளிலாவது யாரேனும் பாயில் கிடந்தார்கள். என்ன நோய் என்று எல்லோருக்கும் தெரியும். பெயரை மட்டும் யாரும் சொல்வதில்லை. தலைநகரில் மருந்து இருப்பதாகப் பேசிக்கொண்டார்கள், வசதி உள்ளவர்களுக்கு.

முதல் வீட்டில் ஒருவருடைய முதுகுப் புண்ணைத் துடைக்கும்போதே கம்பாம்பா எழுந்துவிட்டாள். வெளியே ஓடி மாமரத்தடியில் வாந்தி எடுத்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு மறுபடி உள்ளே போனாள்.

“நீ ஓடிடுவன்னு நெனச்சேன்,” என்றாள் ஆஸ்ட்ரிடா, திரும்பி வரும் வழியில்.

“நானுந்தான் நெனச்சேன்.”

“நான் ஓடியே போயிட்டேன் தெரியுமா? நாலஞ்சு நாள் ஆச்சு மறுபடி வர.”

ஆஸ்ட்ரிடா உட்காரவைத்துப் பாடம் நடத்தியதில்லை. ஆனால் நோயாளி பாயில் கிடந்தால் அவள் நாற்காலியில் உட்கார மாட்டாள். அந்த வீட்டில் சோளக் கஞ்சி கொடுத்தால் மிச்சம் வைக்காமல் குடிப்பாள். வேண்டாமென்றால் தங்கள் டம்ளருக்குப் பயப்படுகிறாள் என்று நினைத்துக்கொள்வார்களாம். வரக் கூடாது என்று விரட்டிய வீட்டுக்கு மறுநாளும் போய், வெளியிலேயே நின்று நலம் விசாரித்துவிட்டு வருவாள். கம்பாம்பாவும் அப்படியே ஆனாள்.

விட்ட படிப்பைத் தொடரச் சொல்லி நச்சரித்ததும் அவள்தான். “துடைக்கத் தெரிஞ்சவ ஊசி போடவும் கத்துக்க” என்பாள். ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்கு நடக்கும்போது, புத்தகத்தை வாங்கி, பாதி வார்த்தைகளைக் கொலை செய்தபடி கேள்வி கேட்பாள்.

பரீட்சையில் கம்பாம்பா தேறிய சமயம் ஆஸ்ட்ரிடா வருவதை நிறுத்திவிட்டாள். வடக்கே கசாமாவில் அண்ணன் வீட்டுக்குப் போவதாக யாரிடமோ சொல்லி அனுப்பியிருந்தாள். சில வாரம் கழித்து அவள் வீட்டுப் பக்கம் போன கம்பாம்பா, பூட்டாத கதவையும் கரியடுப்புப் புகையையும் பார்த்தாள். தட்டினாள்.

“யாயா, நான்தான்.”

“இங்க யாரும் இல்ல.”

“யாரும் இல்லேன்னா யாரு பேசுறது?”

உள்ளே தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது. பிறகு, “போயிடு. குழுவுல யார்கிட்டயும் சொல்லாத,” என்றது குரல்.

கம்பாம்பா போனாள். மறுநாள் வந்தாள், அதற்கு மறுநாளும் வந்தாள். மூடிய கதவில் சாய்ந்து உட்கார்ந்து, யாருக்குத் தேவலை, யார் போய்விட்டார்கள், பாடகர் குழுவில் யாருக்கு யாரோடு சண்டை என்று பேசிக்கொண்டிருப்பாள். சில சமயம் உள்ளிருந்து இருமல் வரும். ஒருமுறை சிரிப்பும் வந்தது. ஒரு நாள் மதியம் கொட்டுகிற மழையில் தாழ்ப்பாள் விலகியது.

“நனைஞ்சு நீ படுத்தா, உன்னப் பாக்க எனக்குத் தெம்பு இல்ல. வா.”

கம்பாம்பா உள்ளே போனாள். கழுத்துச் சிலுவைகூட ஆஸ்ட்ரிடாவுக்குப் பாரம் போலத் தெரிந்தது.

“எத்தனை வீட்டுல போயி வெட்கப்படாதீங்கன்னு சொல்லியிருப்பேன்,” என்றாள். “எனக்கு வந்தப்ப வெட்கமா இருந்துச்சு. நீங்க யாரும் என்னை இப்படிப் பாக்கக் கூடாதுன்னு இருந்துச்சு.”

கம்பாம்பா அடுப்பை மூட்டினாள். தண்ணீர் சுடவைத்தாள். உடம்பைத் துடைத்துவிட்டாள்.

“மெதுவா. பானை தேய்க்கிற மாதிரி தேய்க்கிறியே.”

“உங்ககிட்ட கத்துக்கிட்டதுதான்.”

“அப்ப வாத்தியார் சரியில்ல.”

இருவரும் சிரித்தார்கள். ஆஸ்ட்ரிடாவின் சிரிப்பு இருமலாகி, இருமல் அழுகையானது. அடங்கும்வரை கம்பாம்பா அவளைத் தாங்கிப் பிடித்திருந்தாள்.

“குழுவக் கூட்டிட்டு வரட்டுமா?”

ஆஸ்ட்ரிடா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “ஞாயித்துக்கிழமை வரச் சொல்லு. அதுக்குள்ள வீட்டைப் பெருக்கிடு.”

வந்தார்கள், பாடினார்கள். ராகம் சரியில்லை என்று படுத்தபடியே திட்டு வாங்கினார்கள்.

மழைக்காலம் முடிவதற்குள் அவள் போய்விட்டாள். அவள் கால் பட்ட வீடுகளிலிருந்தெல்லாம் பெண்கள் வந்து தரையில் உட்கார்ந்து ஓலமிட்டார்கள். கம்பாம்பாவுக்குக் கண்ணீர் வரவில்லை. துக்கத்துக்கு வந்தவர்களுக்காகப் பெரிய பானையில் நிஷிமாக் களி கிண்டினாள், தோள் கழன்று விழும்வரை.

அடுத்த வருஷம் ஊர் மருத்துவமனைக்கு அந்த மருந்து இலவசமாக வந்தது. கம்பாம்பா அங்கே நர்ஸ் பயிற்சியில் இருந்தாள். முதலில் வந்தவர்களில் கசோங்கோ என்ற லாரி டிரைவரும் ஒருவர். மனைவி அவரைத் தள்ளுவண்டியில் போட்டுக்கொண்டு வந்தாள். சில மாதங்களில் அவரே நடந்து வந்து, வரிசையில் முந்தியவனோடு மல்லுக்கு நின்றார். எல்லோரும் சிரித்தார்கள். கம்பாம்பா மருந்து அறைக்குள் போய், பெட்டிகள்மேல் முகத்தைப் புதைத்துக்கொண்டு, சாவு வீட்டில் வராத அழுகையையெல்லாம் அழுதாள். இந்தப் பெட்டிகள் ஒரு வருஷம் முன்னால் வந்திருக்கக் கூடாதா?

முகம் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். அவள் கண்களைப் பார்த்த கசோங்கோவின் குரல் இறங்கிவிட்டது.

“சிஸ்டர், எம்மேல கோவமா?”

“உங்கமேல இல்ல,” என்றாள். “கையை நீட்டுங்க.”