தொட்டிச் சுவரில் நாலு கோடு

வீட்டை விற்கப்போகிறேன் என்றதும் தரகர் தெருவில் நின்றபடியே மேலும் கீழும் பார்த்தார். பிறகு சொன்னார்: "அண்ணாச்சி, இத இப்படியே காட்டுனா வர்றவுக செருப்பக்கூடக் கழட்ட மாட்டாக."

எனக்குக் காது சூடாகிவிட்டது. பதற்றம் வந்தால் எனக்கு அப்படித்தான். முதலில் காது சூடாகும், அடுத்து கை போனைத் தேடும், அதன் பிறகு வாய் எதையாவது ஒப்புக்கொள்ளும். மூளை எல்லாம் முடிந்த பிறகு சாவகாசமாக வந்து சேரும்.

"என்ன செய்யணுமோ செஞ்சிருவோம்" என்று வாய் ஒப்புக்கொண்டது.

விஷயம் இதுதான். மகள் கோயம்புத்தூரில் மாடி வீட்டில் இருக்கிறாள். அவளுக்கு நேர் கீழே ஒற்றைப் படுக்கையறை வீடு ஒன்று விலைக்கு வந்திருந்தது. ஆடி பிறக்கும்வரை வேறு யாருக்கும் காட்டுவதில்லை என்று அதன் சொந்தக்காரர் வாக்குக் கொடுத்திருந்தார். எங்கள் பக்கமும் ஆடி பிறந்துவிட்டால் அட்வான்ஸ் கொடுப்பவர் கிடையாது. அதற்குள் சிவகாசி வீடு விலை போனால் மகளுக்குக் கீழே குடியிருக்கலாம். போகாவிட்டால் இங்கேயே நானும் சுவர்களும்தான்.

மனைவி இறந்து இரண்டு வருடம் முடிந்திருந்தது. நான் காலண்டர் அச்சடிக்கும் பிரஸ்ஸில் மெஷின்மேன். நாள் முழுவதும் மெஷின் இரைச்சலுக்கு மேலே கத்திப் பேசுகிறவன். வீட்டுக்கு வந்தால் தொண்டைக்கு வேலையே இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கடையில் "அரை லிட்டர்" என்று பால் கேட்டபோது குரல் கரகரத்தது. சனிக்கிழமை ஷிப்ட் முடிந்ததற்குப் பிறகு நான் பேசிய முதல் வார்த்தை அதுதான் என்று கடைவாசலில் நிற்கும்போதுதான் உறைத்தது. பிறகு தேவையில்லாமல் தயிருக்கும் விலை கேட்டேன்.

வேலை ஆரம்பமானது. முகப்புக்கு டைல்ஸ். சமையலறைக்குப் பெட்டி பெட்டியாக மாடுலர் கிச்சன். அதற்கு இடம் போதவில்லை என்று பின்வாசல் கதவை எடுத்துவிட்டுச் செங்கல் வைத்து அடைத்தார்கள். படுக்கையறைப் பரண் அசிங்கமாகத் தெரிகிறது என்றார் தரகர். பரண் வாயையே மறைத்து ஃபால்ஸ் சீலிங் போட வந்தவர் ஏணியில் நின்றுகொண்டு கேட்டார்.

"மேல சாமான் கெடக்கே அண்ணாச்சி? பெட்டியெல்லாம் இருக்கு. எறக்கிறவா?"

"கெடக்கட்டும்ப்பா. நான் எங்க போகப்போறேன்?"

வீட்டை விற்றுவிட்டு ஊரைக் காலிசெய்யப்போகிறவன் சொன்ன பதில் அது. ஏணியில் நின்றவர் சிரிக்கக்கூட இல்லை. பலகையை வைத்துத் திருகிவிட்டார்.

பெயிண்ட் விஷயத்தில் நான் யார் பேச்சையும் கேட்கவில்லை. முப்பது வருடமாகக் கலர் பார்க்கிறவனுக்குக் கடைக்காரர் கலர் அட்டையை நீட்டலாமா? பிரஸ்ஸில் நானே இங்க் கலந்து, சந்தன நிறத்தில் ஒரு தாள் ஓட்டி எடுத்தேன். டியூப் லைட்டுக்குக் கீழே அத்தனை சாந்தமாக இருந்தது. அந்தத் தாளைப் பெயிண்டரிடம் கொடுத்து, இதில் ஒரு பொட்டுக்கூட மாறக் கூடாது என்றேன். அவரும் மாற்றவில்லை. வழவழத் தாளில் சாந்தமாக இருந்த நிறம், வெளிச்சுவரில் ஏறி விருதுநகர் ஜில்லா வெயில் பட்டதும் கொதித்தது. எதிர்வீட்டுக்காரர் சைக்கிளை நிறுத்தினார்.

"என்ன அண்ணாச்சி, தீபாவளிக்கு இன்னும் நாள் கெடக்கே. அதுக்குள்ள பட்டாசு கிஃப்ட் பாக்ஸ் வந்து எறங்கிருச்சு?"

நானும் சேர்ந்து சிரித்தேன். உண்மையில் எனக்கு அந்த நாட்கள் பிடித்திருந்தன. காலையில் கதவைத் தட்ட ஆள் வந்தது. "அண்ணாச்சி, சுவிட்ச் எங்கன இருக்கு?", "அண்ணாச்சி, இந்த ஆணியப் பிடுங்கவா?" என்று ஒரு நாளைக்கு நாற்பது முறை யாராவது என்னைக் கூப்பிட்டார்கள். பிரஸ்ஸில் லீவு போட்டேன். வேலை முடியப்போகிறது என்று தெரிந்ததும் புதிது புதிதாகக் கண்டுபிடித்தேன். குழாயை இடது பக்கத்திலிருந்து வலது பக்கம் மாற்றச் சொன்னேன். மூன்றாம் நாள் மறுபடி இடது பக்கமே நல்லது என்றேன். கடைசியில் பெயிண்டரே பிரஷ்ஷைக் கழுவிக்கொண்டு சொல்லிவிட்டார்.

"அண்ணாச்சி, இனிமே அடிக்கிறதுக்குச் செவரு இல்ல."

இந்த இடத்தில் தொட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் நகராட்சித் தண்ணீர் வாரத்துக்கு ஒருநாள் வரும். சில வாரம் அதுவும் மறந்துபோகும். அதனால் வீட்டு வாசலில் தரைக்குக் கீழே தொட்டி கட்டி, வருகிற அன்று பிடித்து வைத்துக்கொள்வோம். வீடு கட்டும்போது எனக்குக் கார் நிறுத்த இடம் வேண்டும் என்று ஆசை. கார் கிடையாது, ஆசை மட்டும்தான். மனைவி கொத்தனாரிடம் அந்த இடம் முழுவதற்கும் கீழே தொட்டி தோண்டச் சொன்னாள். "காரு வர்றப்ப வரட்டும். அதுவரைக்கும் அங்கன தண்ணி நிக்கட்டும்" என்றாள். நான் அதை ஊர்க் கம்மாய் என்று கிண்டல் செய்தேன்.

பூச்சு காய்ந்ததும் அவளே ஏணி வைத்து உள்ளே இறங்கினாள். எனக்கு மூச்சு முட்டும் என்று சொல்லி நான் மேலேயே நின்றுகொண்டேன். ஜன்னல் கம்பிக்கு அடித்தது போக மிஞ்சிய கறுப்புப் பெயிண்டால் சுவரில் கோடு போட்டு, ஒவ்வொரு கோட்டுக்கும் பக்கத்தில் எழுதினாள். மேல் கோட்டில் ‘விருந்தாளி வரலாம்’. நடுவில் ‘துணி துவைக்கலாம்’. அதற்கும் கீழே ‘குடிக்க மட்டும்’. தினமும் காலையில் மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுத்தான் வீட்டில் அடுத்த வேலை நடக்கும். தண்ணீர் மூன்றாம் கோட்டைத் தொட்டால் டிராக்டரில் தண்ணீர் சொல்லிவிடுவாள். அதற்குக் கீழே ஒருநாளும் இறங்கவிட்டதில்லை.

அவள் போன பிறகு தண்ணீர் எப்போதும் மேல் கோட்டிலேயே நின்றது. ஒற்றை ஆள் எம்புட்டுக் குடிப்பான்? இரண்டு வருடமாக மூடியைத் திறந்தால் ‘விருந்தாளி வரலாம்’தான். யாரும் வரவில்லை.

வேலைக்கு ஆள் வந்த பிறகுதான் தொட்டி குறைய ஆரம்பித்தது. சிமெண்ட் குழைக்க, டைல்ஸ் கழுவ, கை கால் அலம்ப. தண்ணீர் இரண்டாம் கோட்டுக்கு இறங்கிய காலையில், வீட்டில் கல்யாணம் மாதிரி எனக்கு ஒரு சந்தோஷம். பூச்சு வேலைக்குத் தனியாக டிராக்டர்காரரிடம் உப்புத் தண்ணீர் வாங்கி டிரம்மில் நிரப்பினோம். ஆனாலும் தொட்டி இறங்கிக்கொண்டே போனது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அப்போதுதான் தரகர் போன் செய்தார். "பார்ட்டி நாளைக்குக் காலைல வர்றாக. ரெடியா இருங்க."

ஓடிப்போய் மூடியைத் திறந்தேன். ‘குடிக்க மட்டும்’. நகராட்சித் தண்ணீருக்கு இன்னும் ஐந்து நாள். காது சூடாகிவிட்டது. கை போனை எடுத்துவிட்டது. டிராக்டர்காரர் நிதானமாகக் கேட்டார்.

"எந்தத் தண்ணி அண்ணாச்சி வேணும்?"

"எந்தத் தண்ணியாச்சும் கொண்டாப்பா! தொட்டி நெறையணும், அம்புட்டுத்தான்!"

அவர் சொன்னபடி செய்தார். தொட்டி மேல் கோடு வரை நிறைந்தது. நான் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

மறுநாள் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் தரகரோடு வந்தார்கள். அவர் பட்டாசுக் கம்பெனியில் ஃபோர்மேன். அந்த அம்மா தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்துக்கொண்டே சீட்டுப் பிடித்து, நகை சேர்த்து, வீடு வாங்கும் அளவுக்குக் குடும்பத்தைத் தூக்கி நிறுத்தியவர் என்று தரகர் முன்பே காதில் போட்டிருந்தார்.

ஃபோர்மேன் முகப்பையோ சீலிங்கையோ பார்க்கவில்லை. அறை அறையாகப் போய் வாசலைப் பார்த்தார். வெடிமருந்து புழங்கும் அறைக்குச் சுற்றிலும் கதவு வைத்து, கதவுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து பழகியவர். அடுப்படியில் நின்று சுவரைத் தட்டினார்.

"இங்கன ஒரு வாசல் இருந்திருக்கணுமே?"

"இருந்துச்சு. கிச்சனுக்காக அடைச்சாச்சு."

"இருந்த வாசல அடைப்பாகளா அண்ணாச்சி?" என்றார். கோபமாக அல்ல. நிஜமாகவே அவருக்குப் புரியவில்லை.

அந்த அம்மாவோ அடுப்படிப் பக்கமே வரவில்லை. வாசலிலேயே குனிந்து தொட்டி மூடியைத் தூக்கியிருந்தார்.

"அண்ணே, ஒரு டம்ளர் குடுங்க. நல்ல தண்ணியா, உப்புத் தண்ணியா?"

"நல்ல தண்ணிதாம்மா. அப்படியே குடிக்கலாம்."

மொண்டார். ஒரு வாய் வைத்தார். திரும்பி என் புது டைல்ஸ் மேலேயே துப்பினார்.

"இதுல பருப்பு வேகாதுண்ணே."

தரகர் என்னைப் பார்த்தார். ஃபோர்மேன் என்னைப் பார்த்தார். கிஃப்ட் பாக்ஸ் நிறத்து வீடும் என்னைப் பார்த்த மாதிரி இருந்தது. மூளை இன்னும் வந்து சேராததால் வாய் உண்மையைச் சொல்லத் தொடங்கியது. வேலைக்கு ஆள் வந்தது, தண்ணீர் குறைந்தது, அவர்கள் வருகிறார்கள் என்றதும் பயந்தது, டிராக்டர்காரர் கேட்டது, நான் கத்தியது, எல்லாம். "கொறையக் கூடாதுன்னு நெறச்சேன்மா. ஏமாத்தணும்னு இல்ல. நெஜமாவே எதக் கொண்டாந்தாருன்னு நான் கேக்கல" என்று முடித்தேன். ஐம்பத்திரண்டு வயது ஆளுக்குக் கண் கலங்கியது கேவலமாக இருந்தது.

அந்த அம்மா தொட்டி வாய்க்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். "என்னமோ எழுதியிருக்கே. விருந்தாளி வரலாமா? யாரு எழுதுனது?"

"எங்க வீட்டுக்காரி." மற்ற இரண்டு கோடுகளையும் சொன்னேன்.

அவர் சத்தம்போட்டுச் சிரித்தார். அந்த வாசலில் ஒரு பெண் சிரித்து நாளாகியிருந்தது. "அப்ப நாங்க வந்தது சரியான நாளுதான். அண்ணே, இந்தத் தண்ணிய எறச்சு, தொட்டியக் கழுவி வைங்க. குழாய்த் தண்ணி வர்ற அன்னைக்கு வாரேன். எம்புட்டு நிக்குதுன்னு பாத்துட்டுச் சொல்றேன்."

அவர்கள் போனதும் தரகர் என்னைப் பிடித்துக்கொண்டார். "இம்புட்டும் செஞ்சு, ஒரு டம்ளர் தண்ணியில கவுத்தீகளே! அந்தத் தண்ணி வர்றது ஆடிக்கு முந்துன நாளு, தெரியும்ல? அன்னைக்கு வேண்டாம்னுட்டா உங்க கோயம்புத்தூர மறந்துர வேண்டியதுதான்."

மோட்டார் போட்டு முக்கால்வாசியை வெளியேற்றினேன். ஒருநாள் மூடியைத் திறந்து போட்டுவிட்டு, மறுநாள் காலை ஏணி வைத்து நானே இறங்கினேன். ஆளைக் கூப்பிட்டிருக்கலாம். ஆனால் தெரியாத ஆள் தேங்காய் நாரை எடுத்து எழுத்தையும் சேர்த்துத் தேய்த்துவிடுவானோ என்று பயம்.

உள்ளே குளிர்ச்சியாக இருந்தது. "யாரு?" என்றேன், சும்மா. "யாரு?" என்றது தொட்டி. என் வீட்டில் என்னைத் திருப்பிக் கேள்வி கேட்க ஒரு ஆள் கிடைத்துவிட்டது என்று தோன்றியது. தலைக்கு மேலே விருந்தாளி. கண்ணுக்கு நேராகத் துணி. இடுப்பளவில் குடிதண்ணீர். மிச்சத் தண்ணீரை வாளியில் மொண்டு மொண்டு, ஏணியேறி வெளியே ஊற்றினேன். கணுக்கால் அளவு வந்தபோது, முழங்காலுக்கும் கீழே இன்னொரு கோடு தெரிந்தது. அது இருப்பதே எனக்குத் தெரியாது. பாசியைத் துடைத்தேன்.

‘பெட்டியைக் கட்டு’.

தண்ணீர் அவ்வளவு கீழே போய்விட்டால் எல்லோரும் அவள் அம்மா வீட்டுக்குக் கிளம்பிவிட வேண்டியதுதான் என்று வீடு கட்டிய வருடம் அடிக்கடி மிரட்டுவாள். அதைத்தான் எழுதியிருக்கிறாள். வேறு ஒன்றும் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மீதியையும் இறைத்துவிட்டு அந்த ஈரத் தரையிலேயே உட்கார்ந்தேன். பிறகு மற்ற இடத்தை நாரால் தேய்த்து, எழுத்துகளைச் சுற்றி மட்டும் விரலால் கழுவினேன்.

தண்ணீர் வந்த காலையில் அவர்கள் இரண்டு பேரும் வந்து தொட்டி ஓரத்திலேயே உட்கார்ந்துகொண்டார்கள். நான் டீ போட்டுக் கொடுத்தேன். நாலாம் கோடு முதலில் முழுகியது. மூன்றாவதைத் தாண்டியபோது அந்த அம்மா டீ டம்ளரைக் கழுவி, குழாயில் பிடித்து ஒரு வாய் குடித்தார். இரண்டாம் கோட்டைத் தாண்டி ஏறியும் தண்ணீர் நிற்கவில்லை. அவர் புருஷன் பக்கம் திரும்பினார்.

"பின்வாசல மறுபடி தொறந்துக்கலாம். இந்தப் பெயிண்ட மொத வேலையா மாத்தணும், கண்ணு கூசுது. இந்த எழுத்த மட்டும் யாரும் தொடக் கூடாது, சொல்லிட்டேன்." பிறகு என்னிடம் கேட்டார். "கீழ இன்னொண்ணு தெரிஞ்சுச்சே, வாசிக்கிறதுக்குள்ள முழுகிருச்சு. அது என்னண்ணே?"

"அது உங்களுக்கு இல்லம்மா" என்றேன்.

அட்வான்ஸ் கைமாறியது. அவர்கள் போன பிறகு மூன்று டம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்தேன். மகளுக்குச் சொன்னேன். அவள் அழுதுகொண்டே, "அப்பா, பெட்டிய எடுத்து வைக்க ஆரம்பிங்க" என்றாள்.

படுக்கையறைக்குப் போய் அண்ணாந்து பார்த்தேன். வெள்ளை வெளேரென்று ஃபால்ஸ் சீலிங். அதற்கு மேலே பரண். பரணில் பெட்டி.

காது சூடானது. கை போனை எடுத்தது. பெயிண்டர்தான் எடுத்தார். "என்ன அண்ணாச்சி, இன்னும் செவரு பாக்கியிருக்கா?"

"சீலிங்கப் பிரிக்கணும்ப்பா. தெரிஞ்ச ஆளக் கூட்டிக்கிட்டு நாளைக்கே வா. சாப்பாடு இங்கனயே சாப்பிட்டுக்கலாம்."