போய்ச் சேரும் ஊர்

மலர்விழிக்குச் சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது. ஆனால் பென்னாகரம் பக்கத்துப் பேருந்துகள் எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும், எங்கே எத்தனை நிமிடம் நிற்க வேண்டும், எந்த ஊரில் எந்தப் பேருந்துக்காகக் காத்திருக்க வேண்டும் என்பதையெல்லாம் பதினெட்டு வருடங்களாக எழுதுகிறவள் அவள்தான். தருமபுரியில் உள்ள போக்குவரத்து அலுவலகத்தின் முதல் மாடியில், கால அட்டவணைப் பிரிவில், மின்விசிறிக் காற்று எட்டாத மூலையில் அவள் மேசை. வயது நாற்பத்து நான்கு. ஓட்டுநர்கள் முகத்துக்கு நேரே "மேடம்" என்பார்கள். முதுகுக்குப் பின்னால் "நிமிசக்காரம்மா". தாமதமாக வந்தவர்களை ஏழு நிமிடம், ஒன்பது நிமிடம் என்று எண்ணிச் சொல்லிக் கேட்பதால் வந்த பெயர். அது அவள் காதுக்கும் எட்டியிருந்தது. கோபம் வரவில்லை. உள்ளூரக் கொஞ்சம் பெருமைதான்.

நிமிடத்தின் விலை அவளுக்குத் தெரிந்தது இருபத்திரண்டாவது வயதில்.

அவளுடைய அப்பா சென்னப்பனுக்கு ஏரியூருக்குத் தெற்கே இரண்டு ஏக்கர் மானாவாரி நிலம். ஒருநாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகச் சொன்னார்கள். நாளும் குறித்துக் கொடுத்தார்கள். பொம்மிடிக்குப் போய்விட்டால் அங்கிருந்து காட்பாடிக்கு ரயில். ஆனால் பொம்மிடிக்குப் போவதற்கு மூன்று பேருந்து ஏற வேண்டும். பென்னாகரத்தில் ஒருமுறை, தருமபுரியில் ஒருமுறை அப்பாவைக் கைத்தாங்கலாக இறக்கி, மூட்டையைத் தலையில் வைத்து, அடுத்த பேருந்து எங்கே நிற்கிறது என்று தேடி ஓடினாள். பொம்மிடி ஸ்டேஷனுக்குள் அவர்கள் நுழைந்தபோது ரயிலின் கடைசிப் பெட்டி பிளாட்பாரத்தைத் தாண்டிக்கொண்டிருந்தது. நான்கு நிமிடம் தாமதம். ஆஸ்பத்திரியில் மறுபடி நாள் குறித்துக் கிடைத்தது ஆறு வாரம் கழித்துத்தான். அந்த ஆறு வாரத்தைக் கடக்கும் தெம்பு சென்னப்பனின் நெஞ்சுக்கு இல்லை.

நான்கு வருடம் கழித்துத் தேர்வெழுதி இந்த வேலைக்கு வந்தாள். கால அட்டவணைப் பிரிவை மற்றவர்கள் தண்டனை மாதிரி நினைத்தார்கள். அவள் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

ஏரியூரிலிருந்து பொம்மிடிக்கு நேராக ஒரு பேருந்து. பதினெட்டு வருடமும் அவள் மனதில் அதுதான் ஓடிக்கொண்டிருந்தது. கேட்கும்போதெல்லாம் வண்டி இல்லை, ஆள் இல்லை என்ற பதில் வந்தது. கடைசியில் வண்டியும் ஆளும் கேட்காமலே ஒரு வழி கண்டுபிடித்தாள். காலை ஐந்தேகாலுக்கு ஏரியூரில் கிளம்பும் பேருந்து ஏழு பத்துக்குத் தருமபுரி வந்து, ஒன்பதரை வரை சும்மா நிற்கிறது. அந்த நேரத்தில் அதே வண்டியைப் பொம்மிடிக்கு அனுப்பித் திருப்பிக் கொண்டுவந்துவிடலாம். காலை ரயிலுக்கு அரைமணி முன்னதாகவே போய்ச் சேரும். வரைபடமும் நேரமும் போட்டு நான்கு பக்கத்தில் எழுதிக் கொடுத்தாள். மேலாளர் மாதவராஜ் இரண்டு முறை படித்துவிட்டு, தொண்ணூறு நாள் ஓட்டிப் பார்க்கலாம் என்று கையெழுத்துப் போட்டார். பேருந்தின் நெற்றிப் பலகையில் "ஏரியூர் - பொம்மிடி" என்று புது எழுத்து ஏறியது. அதைப் பார்க்க அவள் விடியற்காலையில் டெப்போவுக்கே போனாள். கண்ணீரில் எழுத்து கலங்கித் தெரிந்தது.

ஐம்பதாவது நாள் மாதவராஜ் கூப்பிட்டார். டிக்கெட் மெஷினில் இருந்து எடுத்த தாள் அவர் மேசையில் இருந்தது. ஏரியூரிலிருந்து பொம்மிடிக்கு என்று கிழித்த டிக்கெட், ஐம்பது நாளில் மொத்தம் மூன்று.

மாதவராஜ் கெட்டவர் அல்ல. குரலை உயர்த்தாமல்தான் பேசினார். தருமபுரி வரை வண்டி நிறைகிறது, தருமபுரியிலிருந்து பொம்மிடிக்கும் கூட்டம் இருக்கிறது, ஆனால் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போகிறவர் ஒருவரும் இல்லை. பொம்மிடிக்குத்தான் வேறு வண்டிகள் இருக்கின்றனவே. தொண்ணூறாவது நாளோடு இதை நிறுத்திவிட்டு அந்த நேரத்தில் பாலக்கோட்டுக்கு ஒரு நடை விடப் போவதாகச் சொன்னார்.

"நீங்க ஆசைப்பட்டீங்கங்கறது எனக்குத் தெரியும்மா. ஜனங்க ஆசைப்படலையே" என்றார்.

அந்த ஒரு வார்த்தை ஈட்டியாக இறங்கியது. அப்பாவைப் போல் இனி யாருமே அந்தப் பாதையில் போவதில்லையா? இத்தனை வருடமும் இல்லாத மனிதர்களுக்காகவா அவள் நிமிடங்களை எண்ணினாள்? வீட்டுக்குப் போய்ச் சோற்றைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருந்தாள். ஒரு வாய்கூட இறங்கவில்லை. ஆனால் மறுநாளே விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு ஏரியூரில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போனாள். அதற்கடுத்த நாள் காலை ஐந்தேகாலுக்குத் தன்னுடைய பேருந்தில், யாரிடமும் தான் யார் என்று சொல்லாமல், ஏறி உட்கார்ந்தாள்.

நடத்துநர் சவரிமுத்து. இருபத்திரண்டு வருட சர்வீஸ். புருவத்தை மட்டும் தூக்கி, "எங்க?" என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

"தர்மபுரி ஒண்ணு" என்றாள் மலர்விழி.

டிக்கெட் கைக்கு வந்த பிறகுதான் அவளுக்குச் சுரீரென்றது. அவள் போக வேண்டியது பொம்மிடிக்கு. இந்தப் பேருந்தைப் பொம்மிடிக்கு விட்டவளே அவள்தான். ஆனாலும் "எங்க?" என்று கேட்டதும் வாய் தானாகத் தருமபுரி என்றுவிட்டது. அக்கா வீட்டிலிருந்து திரும்பும்போதெல்லாம் இந்த ஐந்தேகால் வண்டியில் ஏறி வருடக்கணக்காக அவள் சொன்ன பதில் அது ஒன்றுதான். நிமிர்ந்து சுற்றிலும் காது கொடுத்தாள். முன் சீட்டில் தர்மபுரி ரெண்டு. பின்னால் தர்மபுரி மூணு. பலகையை யார் பார்த்தார்கள்? அந்த நேரத்துக்கு வரும் ஒரே வண்டி எங்கே போகும் என்பது ஏரியூருக்குத் தெரிந்த கதையாயிற்றே.

தருமபுரியில் வண்டி நின்றதும் எல்லோரும் இறங்கினார்கள். முன் சீட்டில் இருந்த பெண் தன் கணவரை இடுப்பில் கைகொடுத்து இறக்கினாள். அவள் பெயர் பெரியம்மாள், கணவர் சென்றாயன் என்பது பிறகு தெரிந்தது. மலர்விழி பின்னாலேயே போனாள். அவர்கள் நிலையத்தின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு, நான்கு அடிக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்கிக்கொண்டு நடந்தார்கள். பொம்மிடி பேருந்துகள் நிற்கும் இடத்தில் போய் நின்றார்கள். ஏரியூர் வண்டியில் வந்த இன்னும் பதினோரு பேர் அங்கேதான் நின்றார்கள்.

ஐந்து நிமிடத்தில் அவர்கள் இறங்கிய அதே வண்டி ஒரு சுற்றுச் சுற்றி அவர்கள் முன்னாலேயே வந்து நின்றது.

பெரியம்மாள் அதை ஏற இறங்கப் பார்த்தாள். "நாங்க வந்த பஸ்ஸும் அச்சு அசலா இதே மாதிரிதாங்க இருந்துச்சு" என்றாள் மலர்விழியிடம். "அதுலயும் மூணாவது சன்னல்ல கயிறு கட்டியிருந்துச்சு."

"அதே கண்டக்டர் மாதிரியும் இருக்குது" என்றார் சென்றாயன்.

சிரிப்பு வர வேண்டிய இடம். மலர்விழிக்குச் சிரிப்பு வரவில்லை. அதற்குள் தருமபுரிக் கூட்டம் முண்டியடித்து ஏறி எல்லா இருக்கைகளையும் பிடித்துவிட்டது. வேலூருக்கு இதய சிகிச்சைக்குப் போகும் சென்றாயன், தான் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து வந்த அதே இருக்கையின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "எங்க?" என்ற சவரிமுத்துவிடம் பெரியம்மாள் "பொம்மிடி ரெண்டு" என்று புது டிக்கெட் வாங்கினாள். மலர்விழி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். ஜனங்கள் ஆசைப்பட்டிருக்கிறார்கள். ஐம்பது நாளும் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போயிருக்கிறார்கள். ஒரு பயணம் இரண்டு டிக்கெட்டாக உடைந்து கிடந்ததால் மெஷினுக்குத் தெரியவில்லை.

பொம்மிடியில் இறங்கியதும் சவரிமுத்துவிடம் தான் யார் என்று சொன்னாள். அவர் முகம் சுருங்கியது. முதல் வாரம் முழுக்க "பொம்மிடி, பொம்மிடி" என்று தருமபுரியில் தொண்டை வற்றக் கத்தியதாகவும், அவர் வேறு வண்டிக்கு ஆள் பிடிக்கிறார் என்று நினைத்து எல்லோரும் இறங்கி ஓடியதாகவும் சொன்னார். அவள் வேறொன்று கேட்டாள். டிக்கெட் கொடுக்கும்போது "எங்க" என்று கேட்க வேண்டாம்; "எந்த ஊரு போயி சேரணும்" என்று கேட்க முடியுமா?

"இருபத்திரண்டு வருசமா 'எங்க'தாங்க மேடம்" என்றார் சவரிமுத்து. "இனிமே சாதகத்தையும் வாங்கிப் பாக்கச் சொல்வீங்களா?"

சொன்னாரே தவிர, மறுநாளே கேட்டார். ஏரியூர் அவரை லேசில் விடவில்லை. நான் எங்கே போய்ச் சேர்ந்தால் உனக்கென்ன என்று ஒரு பெண் சண்டைக்கு வந்தாள். பெண் பார்க்கப் போகிறோம், உங்களுக்கும் ஒரு இலை போடச் சொல்லட்டுமா என்று ஒரு பெரியவர் கேட்டார். சவரிமுத்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு, பொம்மிடி என்றவர்களுக்கெல்லாம் ஒரே டிக்கெட் கொடுத்து, தருமபுரியில் எழுந்திருக்கக் கூடாது என்று தனித்தனியாகச் சொன்னார். மலர்விழி தன் பங்குக்கு அட்டவணையைத் திருத்தினாள். வண்டி இனிமேல் நிலையத்துக்குள் சுற்றாமல் நேராகப் பொம்மிடி பேருந்துகள் நிற்கும் இடத்துக்கே வரும். அப்படியும் முதல் சில நாட்கள் பாதிப் பேர் எழுந்து ஓடினார்கள். சவரிமுத்து படியில் குறுக்கே நின்று டிக்கெட்டைப் பார்த்து உள்ளே திருப்பி அனுப்பினார்.

எண்பத்தாறாவது நாள். தாளில் எண்கள் மாறியிருந்தன. மாதவராஜ் நம்பத் தயங்கினார். கேள்வியை மாற்றினால் கூட்டம் வருமா? நானே வந்து பார்க்கிறேன் என்றார். முந்தைய நாள் பென்னாகரம் வந்து தங்கி, காலையில் அங்கே ஏறிக்கொண்டார். பொம்மிடிக்கு டிக்கெட் வாங்கி முன் பக்கம் உட்கார்ந்தார். மூன்று வரிசை பின்னால் மலர்விழி, ஏரியூரிலிருந்தே வருகிறாள். இன்றைக்கு இவர்கள் எழுந்துவிட்டால் எல்லாம் முடிந்தது.

ஏழு பத்துக்கு வண்டி தருமபுரியில் நின்றது. தருமபுரிக்கு வந்தவர்கள் பதினைந்து பேர் இறங்கினார்கள். மாதவராஜும் எழுந்தார். மேலே வைத்திருந்த பையை எடுத்தார். முப்பது வருடமாக அந்த நிலையத்தில் இறங்குகிற கால்கள். படியை நோக்கித் திரும்பியேவிட்டார்.

பக்கத்து இருக்கையில் கணவரோடு உட்கார்ந்திருந்த பெரியம்மாள், மறு பரிசோதனைக்குப் போகிறவள், அவர் பையின் வாரைப் பிடித்தாள். "உக்காருங்க சார். எறங்கினா சீட்டு போயிரும். இது பொம்மிடி போவுது."

"தெரியும்மா" என்றார் மாதவராஜ்.

"தெரிஞ்சா ஏன் எந்திரிக்கிறீங்க?"

பேருந்து முழுக்கச் சிரித்தது. அவர் திரும்பிப் பார்த்தார். இருபத்தாறு பேர் இடத்தை விட்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார். ஒரு பெண் மடியில் தூக்குவாளியைத் திறந்து குழந்தைக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள். மாதவராஜ் மெல்ல உட்கார்ந்தார். கடைசி வரிசையிலிருந்த சவரிமுத்து மட்டும் மலர்விழியைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார்.

பொம்மிடியில் இறங்கியதும் மாதவராஜ் கைப்பையின் மேல் தாளை வைத்து, மறுஉத்தரவு வரும்வரை இந்தத் தடம் தொடரும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடியபடியே, பாலக்கோட்டுக்கும் இப்படி ஒரு வழி யோசியுங்கள் என்றார். அவள் தலையாட்டினாள். ரயிலுக்கு இன்னும் முப்பத்தொரு நிமிடம் இருந்தது. ஸ்டேஷன் வாசலில் இருந்த கடையில் சென்றாயன் டீ வாங்கி, சூடு ஆறட்டும் என்று கிளாஸை மாற்றி மாற்றிப் பிடித்து, வாய்க்கு வாய் நிறுத்தி, நிதானமாகக் குடித்துக்கொண்டிருந்தார். பெரியம்மாள் அவசரப்படுத்தவே இல்லை.