ஏரா வைப்பதற்குள் ஒரு கல்யாணம்

தருவைகுளத்தில் கருவாடு காயப்போடும் பிளாரன்ஸை நாட்டின் வான் பாதுகாப்பு வல்லுநர்கள் இதுவரை கலந்தாலோசிக்கவில்லை. அவருக்கும் நேரமில்லை. காகமும் பருந்தும் முறைவைத்து இறங்குகின்றன. கையில் ஒரு கம்பு, நுனியில் கறுப்புப் பாலிதீன். தினமும் கொஞ்சம் நெத்திலி பறிபோகும். அதையும் வெற்றியென்றே அறிவிப்பார்.

மகன் ஜெனோவுக்கும் ஏறக்குறைய இதே தொழில்தான். வானத்திலிருந்து வருவதை அடிக்கும் அடுத்த தலைமுறைப் போர்க்கப்பலைத் திட்டமிடும் அலுவலகத்தில் படம் வரைகிறான். கப்பல் இப்போதைக்குக் கூட்டங்களில் மிதக்கிறது. ராடாரை உயர்த்தினால் கப்பல் சாய்கிறதாம். தாழ்த்தினால் தூரம் தெரியவில்லையாம். தீர்மானிக்க ஒரு குழு, அந்தக் குழுவைத் தீர்மானிக்க இன்னொரு குழு.

ஜெனோவுக்கும் விசைப்படகுக்காரர் மரியானின் மகள் ஏஞ்சலினுக்கும் கல்யாணம் பேசியாயிற்று. மாதா கோயிலில் மூன்று ஞாயிறு ஓலை வாசித்துக் கல்யாணத்தை அறிவிப்பதுதான் பாக்கி. அப்போதுதான் மரியானுக்கு ஊர் வழக்கம் ஞாபகம் வந்தது: ஏரா என்னும் அடிக்கட்டையை வைத்துவிட்டால், படகு தண்ணீரில் இறங்கும்வரை கட்டுகிறவன் வீட்டில் கல்யாணம் கூடாது.

“தங்கச்சி, ஒம் மவன் கப்பல் எப்ப எறங்குது?”

“பதினஞ்சு வருசம் ஆவும்ங்கான்.”

“அப்ப எம் மவளுக்கு நாப்பத்து மூணு.”

உள்ளேயிருந்து ஏஞ்சலின் சொன்னாள்: “அது கவர்மெண்ட் கப்பலுப்பா.”

“ஏளா, கட்டுதது யாரு? அவந்தான?”

மரியான் கேலி பேசவில்லை. வழக்கத்தை மீறிக் கல்யாணம் முடித்த தம்பியின் படகு, கடலில் தங்கி மீன்பிடிக்கப் போன முதல் தடவையே கவிழ்ந்ததை நேரில் பார்த்தவர். பயம் உண்மையானது.

பிளாரன்ஸ் மகனுக்குப் போன் போட்டார். “ஏலே, ஏரா வச்சாச்சா?”

“ஆபீஸ் விசயம் போன்ல பேசக்கூடாதும்மா.”

“நான் ராணுவ ரகசியமா கேக்கேன்? கட்டையத்தான கேக்கேன்.”

குரலைத் தாழ்த்தி அவன் சொன்னான்: “படமே முடியலன்னு பேப்பர்லயே வந்திருக்கும்மா.”

பிளாரன்ஸ் மரியான் வீட்டுக்கு நடந்தார். “அண்ணே, ஏராவே வைக்கல. இப்ப தடையில்ல. ஆனா அவுக திடுதிப்புனு வச்சிட்டா?”

அரசாங்கம் எதையும் சட்டென்று செய்யும் என்று மரியான் வாழ்நாளில் நம்பியதில்லை. அன்று நம்பினார். “வாற ஞாயித்துக்கெழமையே ஓலை வாசிக்கச் சொல்லுதேன்.”

சாயங்காலம் பிளாரன்ஸ் கோயிலுக்குப் போய் மெழுகுதிரி ஏற்றினார். ராடார் விஷயத்தில் அந்தக் குழு இன்னும் ஒரு மாதம் ஒத்துப்போகக் கூடாது மாதாவே, என்று வேண்டினார். நாட்டுப் பாதுகாப்பில் அவருக்கு அக்கறை இல்லாமல் இல்லை. ஒரு மாதம்தான் கேட்டார்.

அந்நேரம் அவருடைய களத்தில் வான் பாதுகாப்பு இல்லை. காகங்கள் குழு எதுவும் போடாமலே இறங்கின.